டிரம்முக்கும் கைக்கும் நடுவுல 90 சென்டிமீட்டர்

சில வருஷம் முன்னாடி, ஒரு தை மாசம். டெல்டாவுல ஒரு ஆஸ்பத்திரியில எனக்கு ராத்திரி டூட்டி. இருபது வயசு இருக்கும், ஒரு பையன் வலது கையில லுங்கியைச் சுத்திக்கிட்டு வந்தான். கூட வந்தவர் முந்திக்கிட்டு, "பைக்ல இருந்து விழுந்துட்டான் டாக்டர்"னு சொன்னார். துணியைப் பிரிச்சுப் பார்த்தா நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கி, தோல் உரிஞ்சு கிடக்கு. கழுவக் கழுவ காயத்துக்குள்ள இருந்து உமியும் வைக்கோல் துணுக்கும் வருது.

தார் ரோட்டுல விழுந்தவன் கையில உமி எப்படி வரும்?

கூட வந்தவரை வெளியே அனுப்பிட்டு அவன்கிட்ட கேட்டேன். கொல்லிமலை, பைல் நாட்டுப் பக்கம் ஊராம். நெல் அறுக்கிற மெஷின் செட்டுல ஹெல்பர். வைக்கோல் சிக்கி மெஷின் திணறியிருக்கு. இஞ்சினை நிறுத்தாமலே கையை விட்டு எடுக்கப் பார்த்திருக்கான். எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டு, "என் கவனக்குறைவுதான் டாக்டர், ஓனர் மேல தப்பில்ல"ன்னான்.

இந்தக் 'கவனக்குறைவு'ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி 200 வருஷத்துக் கதை இருக்கு. அதைத்தான் இந்த இழையில சொல்லப் போறேன். நீளம் ஜாஸ்திதான். வீட்டுல யாராவது அறுப்புக்கோ கதிரடிப்புக்கோ போறவங்க இருந்தா பொறுமையா படிங்க.

முதல்ல அந்தப் பையனோட ஊர். நாமக்கல் மாவட்டத்துல காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா கொல்லிமலை. மேல ஊர்களை நாடு நாடா பிரிச்சுத்தான் சொல்வாங்க. வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடுன்னு போகும். அதுல பைல் நாடும் ஒண்ணு. மலையாளி பழங்குடி மக்களோட ஊர்கள். (கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்ல, மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம்.) சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகுன்னு அந்தக் காலத்துல இருந்து விளைஞ்ச பூமி.

அங்க அறுவடைன்னா அரிவாள்தான். கதிரை அறுத்து, கட்டி, களத்துலயோ பாறை மேலயோ பரப்பி, மாட்டை விட்டு மிதிக்க வைக்கிறது, இல்லன்னா கோலால அடிக்கிறது. காயம் வராம இல்ல. இடது கை ஆட்காட்டி விரல்ல அரிவாள் தழும்பு இல்லாத பழைய ஆளை கிராமத்துல தேடித்தான் பிடிக்கணும். ஆனா அரிவாள் விரலைக் கிழிக்கும், அவ்வளவுதான். முழங்கை வரைக்கும் இழுத்துட்டுப் போகாது.

அதுக்காக மெஷின் வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. சாமையை உரல்ல போட்டுக் குத்தி அரிசி எடுக்கிற வேலையை ஒரு நாள் செஞ்சு பாருங்க. கொல்லிமலையில சிறுதானியம் குறைஞ்சு மரவள்ளி பரவினதுக்கு சேகோ ஆலைகளோட பணம் ஒரு காரணம். பெண்கள் தோள்பட்டை கழண்டு போகிற இந்தக் குத்துற வேலை இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க 1990கள்ல இருந்து சிறுதானியத்துக்காக வேலை செஞ்சப்ப, ஊருக்குள்ள சின்ன அரவை மெஷின்களைக் கொண்டு வர்றது அதுல முக்கியமான பகுதியா இருந்துச்சு. மெஷின் வேணும். அது எப்படிப்பட்ட மெஷின்ங்கிறதுதான் கேள்வி.

இப்ப இங்கிலாந்துக்குப் போவோம். 1786 வாக்குல ஆண்ட்ரூ மீக்கிள்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர், சுழல்ற டிரம்மை வெச்சுக் கதிரடிக்கிற மெஷினை உருவாக்கினார். குளிர்காலம் முழுக்கக் கதிரடிச்சுப் பிழைச்ச கூலிக்காரங்களுக்கு வேலை போச்சு. 1830ல தெற்கு இங்கிலாந்துல ஊர் ஊரா கிளம்பி அந்த மெஷின்களை அடிச்சு நொறுக்கினாங்க. 'ஸ்விங் கலவரம்'னு பேர். 19 பேரைத் தூக்குல போட்டாங்க, சுமார் 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினாங்க.

மெஷின் ஜெயிச்சுது. அப்புறம் நீராவி இஞ்சின் வந்துச்சு. பண்ணை பண்ணையா மெஷினை இழுத்துட்டுப் போய் கதிரடிச்சுக் கொடுக்கிற செட்டுகளும் வந்துச்சு. நம்ம ஊர் அறுப்பு மெஷின் செட்டுக்குத் தாத்தா அவங்கதான். மெஷினோட உச்சியில நின்னுக்கிட்டு ஓடுற டிரம்முக்குள்ள கதிரை ஊட்டணும். கால் வழுக்கினா ஆளே உள்ள. 'கவனமா நிக்கணும்'னு சொல்லிச் சொல்லியே பல வருஷம் ஓட்டினாங்க. கடைசியில 1878ல பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதுக்குன்னே தனிச் சட்டம் போட்டுச்சு. டிரம்மையும் கதிர் ஊட்டுற வாயையும் தடுப்பு வெச்சு மூடணும், மூடாம ஓட்டினா அபராதம். 1897ல தீவனம் நறுக்குற மெஷினுக்கும் இதே மாதிரி ஒரு சட்டம். அதாவது 'மனுஷனைத் திருத்துறதை விட மெஷின் வாயை மூடுறது சுலபம்'னு அவங்களுக்குப் புரியவே கிட்டத்தட்ட 90 வருஷம் ஆச்சு.

இங்க நடுவுல ஒரு டாக்டரைப் பத்திச் சொல்லணும். 1914ல பிறந்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இதே கொல்லிமலையில வளர்ந்துச்சு. அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின், மிஷனரிகள். குழந்தை பேர் பால். ஒன்பது வயசு வரைக்கும் மலையிலதான் வளர்ந்தார், அப்புறம் படிக்க இங்கிலாந்து. 1929ல அப்பா மலையிலயே காய்ச்சல்ல இறந்து போனார். பால் முதல்ல கத்துக்கிட்டது தச்சு வேலையும் கட்டட வேலையும். அதுக்கப்புறம்தான் டாக்டர் படிப்பு. 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால மடங்கிப் போன கைகளுக்கு உலகத்துக்கே வழிகாட்டின அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட் இவர்தான்.

அவர் கண்டுபிடிச்ச ஒரு விஷயம் நம்ம கதைக்கு ரொம்ப முக்கியம். தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழுந்துரும்னு அன்னைக்கு டாக்டர்களே நம்பினாங்க. ஒரு நாள் துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணு, பிராண்டால திறக்க முடியல. ஒரு சின்னப் பையன், நோயாளி, வந்து சாவியைத் திருகித் திறந்துட்டான். பார்த்தா பையன் விரல்ல எலும்பு தெரியிற அளவுக்கு வெட்டு. அவனுக்கு வலிக்கவே இல்ல. பிராண்டுக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. விரலைத் தின்னது நோய் இல்ல. நோய் வலியைக் கொன்னுது, வலி இல்லாத கையை கருவிகள் கொன்னுது.

உடனே அவர் நோயாளிகளைத் திட்டிக்கிட்டு இருக்கல. ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்குத் தச்சு வேலை கத்துக் கொடுத்தார், அந்தக் கைக்கு ஏத்த மாதிரி கருவியோட பிடியை மாத்தினார். வலி செய்ய வேண்டிய காவல் வேலையை கருவியோட அமைப்பு செய்யட்டும்னு விட்டார்.

'அது தொழுநோயாளிக்கு, நமக்கு என்ன?'ன்னு கேட்பீங்க. ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

சூடான தோசைக்கல்லுல கை பட்டா வெடுக்குன்னு இழுத்துக்கிறோம். ஏதோ ஒண்ணு இழுக்குதுன்னு உணர்ந்து கையை விடுவிக்க நம்ம உடம்புக்குச் சுமாரா ஒரு வினாடியில அஞ்சுல ஒரு பங்கு நேரம் வேணும். கதிரடிக்கிற டிரம்மோட விளிம்பு வினாடிக்கு 15 முதல் 20 மீட்டர் வேகத்துல ஓடும். நீங்க கையை இழுக்கணும்னு நினைச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த டிரம் மூணு நாலு மீட்டர் நீளக் கதிரை இழுத்து முடிச்சிருக்கும். உங்க கை எவ்வளவு நீளம்? முக்கால் மீட்டர் கூட வராது. அது மட்டும் இல்ல, கையில பிடிச்ச பொருளை யாராவது திடீர்னு இழுத்தா நாம முதல்ல செய்யிறது இறுக்கிப் பிடிக்கிறது. விடுறது அப்புறம்தான்.

ஓடுற டிரம் முன்னாடி நம்ம எல்லார் கையும் பிராண்ட் பார்த்த அந்தப் பையனோட கைதான். வலி வந்து சேர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். இதுல கவனம் எங்க இருந்து காப்பாத்தும்? அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு, பதினாலு மணி நேரம் நின்ன உடம்புல?

பஞ்சாப், ஹரியானாவுல இந்தப் பாடத்தை ரத்தத்துலதான் படிச்சாங்க. பசுமைப் புரட்சிக்கு அப்புறம் கோதுமை குவிஞ்சுது. ஊர்ப் பட்டறைகள்ல பவர் த்ரெஷர் செஞ்சு தள்ளினாங்க. அதை ஓட்டினவங்கள்ல நிறைய பேர் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசத்துல இருந்து அறுப்புக்கு வந்த கூலிக்காரங்க. 1970கள்ல கோதுமை சீசன் வந்தா கை போன கேஸ்களும் சேர்ந்து வரும். 'தூங்கி வழிஞ்சிருப்பான், குடிச்சிருப்பான், பழக்கம் இல்லாதவன்'னு அங்கயும் பழி ஆள் மேலதான்.

1979ல இந்தியத் தர நிர்ணய நிறுவனம் பவர் த்ரெஷருக்கு ஒரு பாதுகாப்புத் தரத்தைக் கொண்டு வந்துச்சு. எண் 9020. அதுல சொன்னது ராக்கெட் சயின்ஸ் இல்ல. கதிர் தள்ளுற தகரத் தட்டு குறைஞ்சது 90 சென்டிமீட்டர் நீளம் இருக்கணும். அதுல டிரம்மை ஒட்டின 45 சென்டிமீட்டர் மேல மூடி இருக்கணும். தட்டு முனையில நின்னு கதிரைத் தள்ளுறவன் கையை நீட்டினாலும் விரல் டிரம்மைத் தொடாது. ஒரு முழம் தகரம், நாலு வெல்டிங். அவ்வளவுதான் ஒரு கையோட விலை.

1983ல பாராளுமன்றம் 'ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம்' போட்டுச்சு. அதுல பேர் சொல்லிக் குறிப்பிட்ட மெஷினே பவர் த்ரெஷர்தான். தரத்துக்கு ஏத்த மாதிரி செய்யணும், ஓட்டும்போது உயிரோ உறுப்போ போனா இழப்பீடு கொடுக்கணும். உங்கள்ல எத்தனை பேர் இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கீங்க? நானே டாக்டராகி ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் கேள்விப்பட்டேன்.

அதே காலகட்டத்துல டெல்லி ஐ.ஐ.டி.யில தினேஷ் மோகன்னு ஒரு பேராசிரியர். சாலைப் பாதுகாப்புக்காகப் பேர் போனவர், 2021ல கொரோனாவுல இறந்தார். அவரும் கூட இருந்தவங்களும் ஹரியானா கிராமங்கள்ல விவசாயக் காயங்களை ஆராய்ஞ்சாங்க. தீவனம் வெட்டுற மெஷின்ல குழந்தைகள் விரல் போறதைப் பார்த்து, கத்திக்கு மறைப்பு, சும்மா இருக்கும்போது சக்கரம் சுத்தாம இருக்க ஒரு பூட்டுன்னு மலிவான மாற்றங்களைச் செஞ்சு காட்டினாங்க. மனுஷன் தப்பு செய்வான், அவன் தப்பு செஞ்சாலும் உறுப்பு போகாத மாதிரி மெஷினைச் செய்யிறதுதான் இஞ்சினியர் வேலைங்கிறது அவரோட கட்சி. வேலூர்ல பிராண்ட் செஞ்சதும் இதேதான்.

சரி, நம்ம பையன் கதைக்கு வர்றேன். அவன் வேலை செஞ்சது த்ரெஷர்ல இல்ல. அறுத்து, அடிச்சு, தூத்தி, எல்லாத்தையும் ஒரே ஓட்டத்துல செய்யிற பெரிய மெஷின்.

இந்த மெஷினோட ஊர் ஊரா போற பழக்கம் உலகம் முழுக்க உண்டு. 1944ல, ரெண்டாம் உலகப் போர் நேரம், அமெரிக்காவுல மாஸி-ஹாரிஸ் கம்பெனி 500 அறுப்பு மெஷின்களை 'அறுவடைப் படை'ன்னு பேர் வெச்சு டெக்ஸாஸ்ல இருந்து வடக்கே கோதுமை பழுக்கப் பழுக்க அனுப்புச்சு. நம்ம பக்கம் ஆத்தூர், சேலம், பெரம்பலூர் சுத்துவட்டாரத்துல இருந்து மெஷின்கள் லாரியில ஏறி தை, மாசியில டெல்டா சம்பா அறுப்புக்குப் போகும். பாலக்காடு, குட்டநாடு அறுப்புக்கும் தமிழ்நாட்டு மெஷின்கள்தான் பெரும்பாலும் போகுது. டயர் வண்டி, சேத்துல இறங்க செயின் வண்டி. ஒரு டிரைவர், ஒண்ணோ ரெண்டோ ஹெல்பர். சாப்பாடு வயக்காட்டுல, தூக்கம் வண்டி பக்கத்துல. வாடகை மணிக்கு இவ்வளவுன்னு.

இந்த மணிக்கணக்குதான் எல்லாத்துக்கும் வேர். மெஷின் நின்னா காசு நிக்கும். மழை மேகம் வேற மேல நிக்கும். அதனால சிக்கலை எடுக்க இஞ்சினை நிறுத்த மாட்டாங்க. 1979 தரத்துல தகரத் தட்டு போட்டுக் கையை டிரம்ல இருந்து தள்ளி வெச்சோம். அறுப்பு மெஷின்ல ஹெல்பரே மூடியைத் திறந்து கையை உள்ள விடுறான். அங்க 90 சென்டிமீட்டருக்குப் பதிலா இருக்கிறது ஒரே ஒரு பொருள், இஞ்சின் சாவி. வெளிநாட்டுத் தொழிற்சாலைகள்ல ரொம்ப நாளா இருக்கிற விதி ஒண்ணு: யார் கை மெஷினுக்குள்ள போகுதோ அவங்க பாக்கெட்லதான் சாவி இருக்கணும். டிரைவர் கையில இல்ல, சாவித் துவாரத்துல இல்ல. சாவியை எடுத்தாலும் டிரம் கொஞ்ச நேரம் தானா சுத்தும், அது நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்.

இன்னும் ரெண்டு விஷயம். லாரி மேல மெஷினை ஏத்திப் போகும்போது தாழ்வான கரண்ட் கம்பியைக் குச்சியால தூக்கி விடுறது நம்ம ஊர்ல சர்வ சாதாரணம். செய்யாதீங்க. ஈரக் குச்சியில கரண்ட் பாயும். அரவை மெஷின், த்ரெஷர் பக்கத்துல நிக்கிற பெண்கள் முந்தானையை இறுக்கிச் செருகுங்க, பின்னலைச் சுருட்டிக் கட்டுங்க. பெல்ட்டுல முடி சிக்கினா மண்டைத் தோலே உரிஞ்சு வரும், பார்த்திருக்கேன். அதை விட, பெல்ட்டுக்கு மூடி போடாத மெஷினை ஊருக்குள்ள விடாதீங்க.

கண்ணைப் பத்தித் தனி இழையே எழுதலாம். தாள் நுனியோ உமியோ கண்ணுல பட்டு கருவிழி கீறுறது அறுப்புக் காலத்துல சாதாரணம். மதுரை மாவட்டத்துல செஞ்ச ஆய்வு ஒண்ணு, 1996ல வெளியானது, வருஷத்துக்கு லட்சம் பேர்ல 113 பேருக்குக் கருவிழிப் புண் வருதுன்னு கணக்கிட்டுச்சு. இதுல பூஞ்சைப் புண் மோசமானது, பார்வையே போகும். ஆனா நேபாளத்துல பக்தபூர் ஆய்வுன்னு ஒண்ணு, 2001ல வெளியாச்சு. கீறல் பட்டு 18 மணி நேரத்துக்குள்ள சாதாரண ஆன்டிபயாடிக் கண் களிம்பு ஆரம்பிச்சவங்க யாருக்கும் புண் வரல. களிம்பு விலை ரொம்பக் கம்மி. கடையில 'கண் சிவந்திருக்கு'ன்னு சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடுறதுதான் இதுக்கு நேர் எதிர். கண்ணுல நாக்கால எடுக்கிறது, தாய்ப்பால் விடுறது ரெண்டும் வேண்டாம்.

கை சிக்கிட்டா என்ன செய்யணும்? முதல்ல இஞ்சினை அணைக்கணும். ஆளை இழுக்காதீங்க. மெஷினைக் கழட்டித்தான் கையை எடுக்கணும், மெக்கானிக்கும் 108-ம் ஒரே நேரத்துல வரட்டும். ரத்தம் வர்ற இடத்துல சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க. மஞ்சள், காப்பித் தூள், கிரீஸ் எதுவும் வேண்டாம்.

துண்டா போயிருந்தா, அந்தத் துண்டைத் தேடி எடுங்க. 1962ல பாஸ்டன்ல 12 வயசுப் பையனுக்குத் துண்டான கையைத் திரும்ப ஒட்ட வெச்சாங்க. அடுத்த வருஷம் ஷாங்காய்ல ஒரு தொழிலாளிக்கு. இன்னைக்கு தமிழ்நாட்டுலயே செய்யிறாங்க. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கைக்குன்னே தனித் துறை இருக்கு, கோவையிலயும் பேர் பெற்ற குழு இருக்கு. துண்டை நல்ல தண்ணியில லேசா கழுவி, ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டுங்க. அந்தக் கவரை ஐஸ் தண்ணி இருக்கிற இன்னொரு கவர்ல வைங்க. ஐஸ் நேரா சதையில படக்கூடாது, சதை செத்துரும். விரலுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. சதை நிறைஞ்ச முன்கை, முழங்கைன்னா ஆறு மணி நேரம்தான் கணக்கு. பைல் நாட்டுல இருந்து 70 வளைவு இறங்கி வரணும்னா அந்த ஆறு மணி நேரத்துல எவ்வளவு மிஞ்சும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

கடைசியா, டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில ஏ.ஆர். புக்குன்னு ஒண்ணு இருக்கு, விபத்துப் பதிவேடு. 'பைக்ல விழுந்தான்'னு எழுதினா அது பைக் விபத்துதான். இழப்பீடு கேட்டுப் போனா அந்தத் தாளைத்தான் முதல்ல பார்ப்பாங்க. 1923ல வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோட பட்டியல்லயே டிராக்டர், மோட்டார் மெஷின் வெச்சுச் செய்யிற விவசாய வேலை இடம் பிடிச்சிருந்துச்சு. சட்டம் இருந்து என்ன, பதிவேட்டுல மெஷின் பேரே இல்லன்னா?

அந்தப் பையனுக்கு நான் 'நெல் அறுவடை இயந்திரத்தில் சிக்கி'ன்னுதான் எழுதினேன். கூட வந்தவருக்கு முகம் வாடிப்போச்சு. மோதிர விரலைப் பாதியில எடுக்க வேண்டியதாச்சு. நடுவிரல் பிழைச்சது, முழுசா மடங்காது.

அடுத்த சீசனுக்கும் அவன் மெஷினுக்குப் போயிட்டான். வேற செட்டு. கட்டுப் பிரிக்க வந்தப்ப சாவி விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருந்தேன். போன்ல கேட்டேன், "செய்யிறியா?" "செய்யிறேன் டாக்டர். ஒவ்வொரு சிக்கலுக்கும் ரெண்டு நிமிஷம் போகுதுன்னு டிரைவர்தான் திட்டிக்கிட்டே இருக்காரு."